வைரம் கடினமானது, ஆனால் வலிமையானதா?

உலகிலேயே மிக உறுதியான பொருள் எது என்று கேட்டால், தொடக்கப்பள்ளி மாணவன் முதல் பட்டதாரி வரை பெரும்பாலோர் சொல்லும் விடை வைரம் என்பதுதான். வைரத்தை வைரத்தால்தான் அறுக்க முடியும் என்ற பேச்சு வழக்கும் நமக்குப் புதிதன்று. அப்படியானால், பினாங்குப் பாலத்தைத் தாங்கி நிற்கும் கம்பிகளை வைரத்தால் செய்தால் என்ன? விலையைச் சற்று மறந்துவிடுவோம். கேட்ட அளவில், கேட்ட நீளத்தில் வைரம் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பொறுப்புள்ள எந்தப் பொறியாளரும் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார். ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயந்திரப் பொறியியல் பயின்று, உலோகம் வெட்டும் கருவிகளோடு நாள்தோறும் பழகும் வேலையில் இருப்பவன் நான். எங்கள் பட்டறைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் குழப்பம் ஒன்று உண்டு. 'கடினம்', 'வலிமை' என்ற இரண்டையும் அவர்கள் ஒரே பண்பின் இரு பெயர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். தேர்வுத் தாளில் இக்குழப்பம் இரண்டு மதிப்பெண்ணோடு போய்விடும். தொழிற்சாலையில் அது பணத்தைக் கேட்கும். சில வேளைகளில் கண்ணையும் கேட்கும்.

ஒரே அடியில் பிளந்த வைரம்

1905-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் பிரிமியர் சுரங்கத்தில் கல்லினன் என்னும் மாபெரும் வைரம் கண்டெடுக்கப்பட்டது. அதன் எடை 3,106 காரட். அதாவது 620 கிராமுக்கும் சற்று அதிகம். அதைத் துண்டாக்கும் பொறுப்பு ஆம்ஸ்டர்டாம் நகரின் ஆஷர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1908-ஆம் ஆண்டு ஜோசப் ஆஷர் அக்கல்லின் மேல் முதலில் ஒரு சிறு பள்ளத்தை உண்டாக்கினார். அதில் ஓர் எஃகுக் கத்தியின் அலகை வைத்து, அதன் முதுகில் ஓங்கி அடித்தார். முதல் அடியில் கத்தி உடைந்தது என்பர். அடுத்த முயற்சியில் வைரம் இரண்டாகப் பிளந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எஃகால் வைரத்தின் மேல் ஒரு கீறல்கூடப் போட முடியாது. பள்ளம் உண்டாக்கவும் இன்னொரு வைரமே தேவைப்பட்டது. ஆனால், கீற முடியாத அதே எஃகால் அதைப் பிளக்க முடிந்தது. கீறுவது ஒரு வேலை. பிளப்பது வேறு வேலை. முதல் வேலையைத் தடுப்பது கடினத்தன்மை. இரண்டாவதைத் தடுக்க வேறொரு பண்பு வேண்டும்; அது வைரத்திடம் குறைவாகவே இருக்கிறது.

கடினத்தன்மை எதை அளக்கிறது?

ஜெர்மானியக் கனிமவியலாளர் பிரெடெரிக் மோஸ் 1812-இல் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். எது எதைக் கீறும் என்பதே அவருடைய சோதனை. முதலிடத்தில் மிக மென்மையான டால்க், பத்தாமிடத்தில் வைரம். இது வெறும் வரிசை எண்தான். ஒன்பதாமிடத்தில் உள்ள குருந்தக்கல்லுக்கும் வைரத்துக்கும் இடையிலான தொலைவு எவ்வளவு என்பதை அது சொல்லாது.

பொறியாளர்களுக்கு எண் தேவைப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த பிரினெல் 1900-இல் எஃகுக் குண்டை உலோகத்தின் மேல் அழுத்திப் பதியும் குழியை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். பின்னர் 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தில், 136 பாகைக் கோணமுள்ள வைரப் பட்டைக்கூம்பை அழுத்தும் முறை உருவானது. அழுத்திய சுமையைப் பதிந்த குழியின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது விக்கர்ஸ் கடினத்தன்மை. இதை இன்று கிகாபாஸ்கல் என்ற அலகிலும் சொல்கிறோம். ஒரு கிகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ 100 கிலோகிராம் எடை அமர்வதற்குச் சமம்.

சாதாரணக் கட்டுமான எஃகின் கடினத்தன்மை சுமார் 1.5 கிகாபாஸ்கல். குருந்தக்கல் சுமார் 20. வைரம், அழுத்தும் திசையைப் பொறுத்து 70 முதல் 100 வரை. 40 கிகாபாஸ்கலைத் தாண்டும் பொருள்களையே 'மீக்கடினப் பொருள்கள்' என்கிறோம். இக்குழுவில் வைரத்துக்கு அடுத்துப் புகழ்பெற்றது கனசதுர போரான் நைட்ரைடு. இதை 1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கினார். வெப்பத்தில் வைரம் இரும்போடு வினைபுரிந்து தேய்ந்துவிடும். போரான் நைட்ரைடு அவ்வாறு செய்யாது. அதனால்தான் கடினமாக்கப்பட்ட எஃகை வெட்ட இதைப் பயன்படுத்துகிறோம்.

இம்முறைகள் அனைத்திலும் நாம் பொருளை அமுக்குகிறோம். கூம்பின் அடியில் இருக்கும் பகுதி எல்லாப் பக்கமும் நெருக்கப்படுகிறது. அங்கே ஏற்கெனவே சிறு விரிசல் இருந்தாலும், அமுக்கம் அதன் இரு உதடுகளையும் சேர்த்து மூடிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இழுவலிமை எதை அளக்கிறது?

இழுவலிமைச் சோதனை நம்மில் பலர் ஆய்வுக்கூடத்தில் செய்ததுதான். நடுவில் ஒல்லியாகவும் இரு முனைகளில் பருத்தும் உள்ள ஒரு மாதிரியை இயந்திரத்தில் பிடித்து, அறும் வரை இழுக்கிறோம். தாங்கிய மிக அதிகமான சுமையைக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் இழுவலிமை. கட்டுமான எஃகு ஏறத்தாழ 0.4 முதல் 0.55 கிகாபாஸ்கல் வரை தாங்கும். பியானோவில் பூட்டும் எஃகுக் கம்பி 2 கிகாபாஸ்கலைத் தாண்டும். அதாவது, ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள அக்கம்பியில் 200 கிலோகிராம் எடையைத் தொங்கவிடலாம்.

உலோகங்களைப் பொறுத்தவரை இவ்விரு பண்புகளும் அண்ணன் தம்பிபோல் ஒன்றாகவே நடக்கின்றன. டேவிட் டேபர் 1951-இல் வெளியிட்ட உலோகங்களின் கடினத்தன்மை பற்றிய நூலில் விளக்கிய உறவு இன்றும் பயன்படுகிறது: ஓர் உலோகத்தின் கடினத்தன்மை, அது நிலையாக உருமாறத் தொடங்கும் தகைவைப்போல் சுமார் மூன்று மடங்கு. எனவே பட்டறையில் ஒரு சிறு குழியை அளந்தே எஃகின் வலிமையைக் கணித்துவிடுகிறோம். எஃகுக்கு இதற்கென்றே அட்டவணைகள் உள்ளன. மாதிரியை இழுத்து அறுக்க வேண்டிய தேவையே இல்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எஃகில் பழகிய கை, அதே கணக்கை வைரத்திலும் போட்டுப் பார்க்கும். 90-ஐ மூன்றால் வகுத்தால் 30 கிகாபாஸ்கல். அப்படியொரு கம்பி இருந்தால் ஒரு சதுர மில்லிமீட்டரில் மூன்று டன் எடையைத் தொங்கவிடலாம்! உண்மையில் கண்ணுக்குத் தெரியும் அளவிலான வைரத் துண்டுகள் வளைப்புச் சோதனையிலும் இழுவையிலும் தாங்கியவை பெரும்பாலும் 3 கிகாபாஸ்கலுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆவியிலிருந்து வளர்க்கப்படும் பல்படிக வைரத் தகடுகள் பல 1 கிகாபாஸ்கலைக்கூடத் தொடுவதில்லை. கணக்குக்கும் உண்மைக்கும் இடையே பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. அந்தப் பத்து மடங்கும் எங்கே போனது?

விரிசல் என்னும் உள்பகை

இதற்கான விடையின் முதற்பகுதியை 1913-இல் இங்கிலிஸ் என்ற பொறியாளர் தந்தார். ஒரு தகட்டில் நீள்வட்டத் துளை இருந்தால், இழுவிசை அத்துளையின் கூரிய முனையில் பல மடங்காகத் திரளும் என்று அவர் கணித்துக் காட்டினார். முனை எவ்வளவு கூர்மையோ, விசை அவ்வளவு குவியும். கடையில் வாங்கும் மிலோ பொட்டலத்தின் ஓரத்தில் சிறு வெட்டு ஒன்றை ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். வெட்டு இல்லாத இடத்தில் நம் விரல்கள் தோற்றுவிடும். வெட்டு இருக்கும் இடத்தில் ஒரு குழந்தையும் கிழித்துவிடும்.

இரண்டாம் பகுதியைத் தந்தவர் கிரிஃபித். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அவர், 1921-இல் வெளிவந்த தம் ஆய்வில் கண்ணாடி இழைகளை இழுத்து அறுத்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடிக் கோல் சுமார் 170 மெகாபாஸ்கலில் முறிந்தது. மூன்று மைக்ரோமீட்டர் அளவுக்கு மெலிந்த இழையோ 3,400 மெகாபாஸ்கல் வரை தாங்கியது. அதே கண்ணாடி, இருபது மடங்கு வலிமை. பருமனான கோலில் பெரிய விரிசல்கள் ஒளிந்திருக்க இடமுண்டு. மெல்லிய இழையில் அதற்கு இடமில்லை. நொறுங்கும் பொருளின் இழுவலிமையை முடிவு செய்வது அணுப் பிணைப்பின் பலம் மட்டுமன்று. அதில் உள்ள மிகப் பெரிய விரிசலின் நீளமும்தான் என்று கிரிஃபித் நிறுவினார்.

அப்படியானால் எஃகில் விரிசல் இல்லையா? உண்டு. ஆனால் எஃகுக்கு ஒரு தற்காப்பு உண்டு. அதன் படிக அடுக்குகளில் இடப்பெயர்வுகள் எனப்படும் குறைகள் நிறைந்துள்ளன. ஒரு பெரிய கம்பளத்தை அப்படியே இழுப்பது கடினம். அதில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கி அச்சுருக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனால் கம்பளம் எளிதாக நகரும். இடப்பெயர்வு அத்தகைய சுருக்கம்தான். விரிசலின் முனையில் விசை குவியும்போது, எஃகில் இச்சுருக்கங்கள் நகர்ந்து முனையை மழுங்கச் செய்கின்றன. கூர்மை போனால் குவிப்பும் போகும். விரிசல் அங்கேயே நின்றுவிடும்.

வைரத்தில் கார்பன் அணுக்கள் நான்கு திசைகளிலும் இறுக்கமான சகப்பிணைப்புகளால் பிணைக்கப்பட்டுள்ளன. சாதாரண வெப்பநிலையில் அங்கே சுருக்கம் நகர்வதே அரிது. கூம்பை அழுத்தும்போது பொருள் விலகிக்கொடுக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். அதாவது வைரம் கடினமாக இருப்பதற்குக் காரணம். விரிசலின் முனை மழுங்காமல் கத்தியாகவே இருப்பதற்கும் இதுவே காரணம். அதாவது வைரம் இழுவையில் தோற்பதற்கும் காரணம். ஒரே குணம் ஓரிடத்தில் வரமாகவும் மற்றோரிடத்தில் சாபமாகவும் ஆகிறது. கூம்பின் அடியில் விரிசலின் உதடுகள் மூடப்படுகின்றன என்று முன்பு சொன்னேன் அல்லவா? இழுவையில் அதே உதடுகள் திறக்கப்படுகின்றன. கடினத்தன்மைச் சோதனை விரிசலை மறைக்கிறது. இழுவைச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கிறது.

ஒரு சிறு கணக்கு

விரிசல் பரவுவதைத் தடுக்கும் ஆற்றலுக்கும் ஓர் எண் உண்டு. அதை இங்கே 'விரிசல் தாங்குதிறன்' என்கிறேன். அதன் அலகு சற்று விசித்திரமானது: மெகாபாஸ்கலை மீட்டரின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்கு இது 1-க்கும் குறைவு. வைரத்துக்குச் சுமார் 5. நல்ல கட்டுமான எஃகுக்கு 100 என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது வைரம், எஃகு இரண்டையும் 500 மெகாபாஸ்கல் தகைவில் இழுப்போம். எவ்வளவு நீள விரிசலைப் பொறுத்துக்கொள்ளும்? தாங்குதிறனைத் தகைவால் வகுத்து, விடையின் வர்க்கத்தைப் பை என்னும் மாறிலியால் வகுக்க வேண்டும். எஃகுக்கு 100-ஐ 500-ஆல் வகுத்தால் 0.2, அதன் வர்க்கம் 0.04, பையால் வகுத்தால் 0.0127 மீட்டர். அதாவது ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். வைரத்துக்கு 5-ஐ 500-ஆல் வகுத்தால் 0.01, வர்க்கம் 0.0001; விடை 32 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் தடிப்பில் பாதிகூட இல்லை.

எஃகில் உள்ள விரிசல் ஒரு விரல்நக அகலத்துக்கு வளரும்வரை நமக்கு நேரம் தருகிறது. ஆய்வாளர் வந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம், பழுது பார்க்கலாம். வைரத்தில் உள்ள விரிசல் கண்ணுக்குத் தெரியும் முன்பே முடிவு வந்துவிடும். மேலும், எஃகு அறும் முன் நீளும். அது ஓர் எச்சரிக்கை. வைரம் எச்சரிக்காது. பாலத்தின் கம்பியாக வைரத்தை எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார் என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுதான்.

இழுக்க முடியாததை இழுத்துப் பார்ப்பது

மீக்கடினப் பொருளை இழுவை இயந்திரத்தில் மாட்டுவதே பெரும்பாடு. பிடிக்கும் பற்கள் எஃகில் பதியும், வைரத்தில் பதியா. சற்றுக் கோணலாகப் பிடித்தாலும் பிடித்த இடத்திலேயே உடைந்துவிடும். ஆகவே சுற்றுவழிகளை நாடுகிறோம். ஒன்று, சிறு பட்டையை இரு முனைகளில் தாங்கி நடுவில் அழுத்தி வளைப்பது. வளையும் பட்டையின் அடிப்புறம் இழுபடும். அங்கிருந்துதான் முறிவு தொடங்கும்.

மற்றொன்று 'பிரேசில் சோதனை'. 1943-இல் ரியோ டி ஜெனிரோவில் புதிய பெருஞ்சாலைக்காக ஒரு பழைய தேவாலயத்தை உருளைகளின் மேல் வைத்து நகர்த்தும் யோசனை எழுந்தது. அதற்கான கான்கிரீட் உருளைகளைச் சோதித்த பொறியாளர் கார்னெய்ரோ, உருளையைப் பக்கவாட்டில் வைத்து மேலிருந்து அமுக்கினால் அது நட்ட நடுவே செங்குத்தாகப் பிளப்பதைக் கண்டார். மேலிருந்து அமுக்கும்போது பக்கவாட்டில் இழுவை உண்டாகிறது. தேவாலயம் கடைசியில் காப்பாற்றப்படவில்லை. சோதனை முறை மட்டும் நிலைத்தது. பாறை, கான்கிரீட், கடினப் பீங்கான் முதலியவற்றின் இழுவலிமையை இன்றும் இப்படி அளக்கிறார்கள்.

எந்த முறையில் அளந்தாலும் ஒரு தொல்லை இருக்கும். பத்துத் துண்டுகளைச் சோதித்தால் பத்து விடைகள் வரும். ஒரு சங்கிலி அதன் மிக மெல்லிய கண்ணியில் அறுவதுபோல, ஒவ்வொரு துண்டும் அதில் உள்ள மிக மோசமான விரிசலில் முறிகிறது. சுவீடன் நாட்டு வைபுல் 1939-இல் இதற்கான புள்ளியியலை வகுத்தார். அதன்படி, துண்டு பெரிதானால் மோசமான விரிசல் இருக்கும் வாய்ப்பும் பெருகும், வலிமை குறையும். எனவே 'வைரத்தின் இழுவலிமை இவ்வளவு' என்று ஒற்றை எண்ணைக் கண்டால், எந்த அளவுத் துண்டில் அளந்தது என்று உடனே கேட்க வேண்டும்.

கார்பனின் இரு பிள்ளைகள்

கடினமும் வலிமையும் வேறு வேறு என்பதற்குக் கார்பனைவிட நல்ல சான்று இல்லை. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டும் கார்பனே. அது தாளில் தேய்ந்து எழுத்தாகும் அளவுக்கு மென்மையானது. மோஸ் வரிசையில் 1-க்கும் 2-க்கும் இடையில் நிற்கிறது. ஆனால் அந்த மென்மை அடுக்குகளுக்கு இடையில்தான். ஒவ்வோர் அடுக்கின் உள்ளேயும் அணுப் பிணைப்பு மிகப் பலமானது. அத்தகைய அடுக்குகளை நீளவாக்கில் ஒழுங்குபடுத்தி மெல்லிய இழையாக்கினால், அதுவே கார்பன் இழை. நாம் விளையாடும் பூப்பந்து மட்டையின் கைக்கோலில் இருப்பது அதுதான். அதன் இழுவலிமை 3.5 முதல் 7 கிகாபாஸ்கல் வரை. இழுப்பதில், பென்சிலின் உறவினன் வைரத்தை வென்றுவிடுகிறான். கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கான கிராஃபீனை 2008-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அளந்தபோது 130 கிகாபாஸ்கல் என்ற வியப்பூட்டும் எண் கிடைத்தது.

வைரத்துக்கும் அந்த வலிமை உள்ளே இருக்கிறது. விரிசல்தான் அதை வெளிவரவிடாமல் தடுக்கிறது. இதை மெய்ப்பித்த ஆய்வு 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகம், எம்.ஐ.டி., சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதலியவற்றின் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 300 நானோமீட்டர் தடிப்புள்ள வைர ஊசிகளை வளைத்துப் பார்த்தார்கள். ஒற்றைப்படிக ஊசிகள் இழுபடும் பக்கத்தில் 9 விழுக்காடு வரை நீண்டு, விட்டவுடன் பழைய வடிவுக்கே திரும்பின. அப்போது அவை தாங்கிய இழுதகைவு ஏறத்தாழ 90 கிகாபாஸ்கலைத் தொட்டது. இவ்வாய்வை வழிநடத்தியவர்களுள் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பயின்று, 2018 முதல் 2022 வரை நன்யாங் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த பேராசிரியர் சுப்ரா சுரேஷ். கிரிஃபித் கண்ணாடியில் கண்ட அதே உண்மையை, ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் வைரத்தில் காண்கிறோம்: விரிசலுக்கு இடம் தராத அளவுக்குச் சிறிதானால், பொருள் தன் முழு வலிமையைக் காட்டும்.

பட்டறையில் நடந்தது

இந்த வேறுபாட்டின் விலையை நான் நேரில் கண்டதுண்டு. முன்பு நான் பணியாற்றிய ஒரு தொழிற்சாலையில் எஃகுத் தண்டுகளைக் கடைந்துகொண்டிருந்தோம். தண்டின் ஒரு பகுதியில் நீளவாக்கில் காடி வெட்டப்பட்டிருக்கும். கார்பைடு வெட்டுமுனைகள் விரைவாகத் தேய்கின்றன என்று மேலிடத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். விளக்கப் புத்தகத்தில் கடினத்தன்மை எண்ணைப் பார்த்து, பல மடங்கு விலையுள்ள போரான் நைட்ரைடு முனைகளை வரவழைத்தார்கள். வழவழப்பான பகுதியில் அவை அருமையாக வெட்டின. காடி இருந்த பகுதியில் ஒவ்வொரு சுற்றிலும் முனை காற்றுக்கு வந்து மீண்டும் எஃகில் மோதியது. சில நிமிடங்களில் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. ஒரு சில்லு தெறித்து இயந்திரத்தின் காப்புக் கதவில் தழும்பு விட்டது. இயந்திரத்தை ஓட்டிய அண்ணன் அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "கதவு இல்லாத பழைய லேத்தா இருந்தா என் கண்ணுலதான் பட்டிருக்கும், தம்பி" என்றார்.

காடி உள்ள பகுதிக்குக் கார்பைடையே மறுபடியும் பூட்டினோம். கார்பைடு மீக்கடினப் பொருள் அன்று. அதன் கடினத்தன்மை பெரும்பாலும் 13 முதல் 18 கிகாபாஸ்கல்தான். ஆனால் அதன் விரிசல் தாங்குதிறன் 10 முதல் 20 வரை. 1923-இல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் கண்ட வழி அது: கடினமான டங்ஸ்டன் கார்பைடு துகள்களை, மென்மையான கோபால்ட் உலோகத்தால் பிணைத்துவிடுவது. துகளில் தோன்றும் விரிசல் கோபால்ட்டுக்குள் நுழைந்ததும் மழுங்கிப்போகும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்க, உள்ளிருக்கும் எஃகுக் கம்பி இழுவையைத் தாங்குவதுபோல, இங்கும் வேலைப் பங்கீடு நடக்கிறது. பினாங்கின் மின்னணுத் தொழிற்சாலைகளில் சிலிக்கான் தகடுகளை அறுக்கும் வைரத் தட்டுகளும் இவ்வகையே. வைரம் அங்கே பொடியாகத்தான் இருக்கிறது. பொடியைப் பிடித்திருப்பது நிக்கலோ பிசினோதான்.

போரான் நைட்ரைடு முனையையும் நாங்கள் தூக்கி எறியவில்லை. வழவழப்பான பகுதிக்கு வைத்துக்கொண்டோம். அதன் விளிம்பில் ஒரு சிறு சாய்வு கொடுக்கச் சொன்னோம். சாய்வு இருந்தால் வெட்டுவிசை விளிம்பை இழுப்பதற்குப் பதிலாக அமுக்கும். கடினமான பொருளிடம் வேலை வாங்கும் கலையெல்லாம் இதில் அடங்கும்: அதை அமுக்கலாம், இழுக்கக் கூடாது.

இரண்டையும் பெற முடியுமா?

இன்றைய ஆய்வுகளின் கனவு இதுதான். 2013-இல் சீனாவின் யான்ஷான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியான் யோங்ஜுன் குழுவினர், நானோ அளவில் இரட்டைப்படிக அடுக்குகள் கொண்ட போரான் நைட்ரைடை உருவாக்கினர். அதன் கடினத்தன்மை 100 கிகாபாஸ்கலைத் தாண்டியதாகவும், விரிசல் தாங்குதிறன் 12-க்கு மேல் என்றும் அறிவித்தனர். 2020-இல் அக்குழுவினரின் வைரக் கலவையில் தாங்குதிறன் 26.6 வரை எட்டியது. இது சாதாரணச் செயற்கை வைரத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கு. படிக அமைப்பில் மாறி மாறி வரும் அடுக்குகள், நேராக ஓட முயலும் விரிசலை வளைந்து வளைந்து போகச் செய்கின்றன. வழி நீண்டால் அதன் வேகம் அடங்கும். இத்தகைய எண்களைப் பற்றிய விவாதமும் இருக்கிறது. அழுத்தும் கூம்பே வைரம் என்றால், வைரத்தைவிடக் கடினமான பொருளை அதனால் எப்படி அளப்பது என்ற கேள்வி நியாயமானதே.

சொல்லைச் சரியாகப் பிடிப்போம்

நம்மில் பலர் இப்பண்புகளை மலாயில் கெக்கெராசான், கெக்குவாத்தான் தெகாங்கான், கெலியாத்தான் என்று தனித்தனியே படித்தோம். பின்னர் ஆங்கிலத்திலும் படித்தோம். தமிழில் பேச வரும்போது மட்டும் மூன்றையும் 'உறுதி' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். தமிழ்மொழிக் கழக ஏட்டில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? கடினத்தன்மை, இழுவலிமை, விரிசல் தாங்குதிறன் என மூன்று சொற்களை வைத்துக்கொண்டால் போதும், குழப்பம் பெருமளவு தீரும். இவற்றைவிடப் பொருத்தமான சொல் உங்களுக்குத் தோன்றினால் அதையே பயன்படுத்துங்கள்; மூன்றுக்கும் மூன்று சொல் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

நம் முன்னோர்களின் மொழியில் ஓர் அழகான வேறுபாடு இருப்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். முதிர்ந்த மரத்தை 'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறோம். அந்த வைரம் கீறினால் கீறல் விழும். ஆனால் நார்களால் ஆனதால் எளிதில் பிளவுபடாது. நகைக்கடை வைரமோ கீறலுக்கு அசையாது. ஒரு தட்டில் பிளந்துவிடும். ஒரே பெயர் கொண்ட இரண்டும் எதிரெதிர்க் குணம் உடையவை.

பயிற்சிக்குச் செல்லும் தம்பி தங்கைகளே, யாராவது ஒரு பொருளை உங்களிடம் காட்டி இது மிக உறுதியானது என்றால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதை எதிர்த்து உறுதி: கீறலையா, இழுவையையா, மோதலையா? எந்த அளவுத் துண்டில், எந்த முறையில் அளந்தீர்கள்? உடையப்போகிறது என்றால் முன்கூட்டியே எச்சரிக்குமா? இக்கேள்விகளைக் கேட்கும் மாணவனை எந்தப் பட்டறையும் மதிக்கும். கேட்ட பிறகும், இயந்திரத்தின் காப்புக் கதவை மூடிவிட்டே விசையை அழுத்துங்கள்.